தேறாத மாத்திரைகள்

ஜூலை 9

உலகம்மாளை டாக்டர் நஸீமாவிடம் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பாதம் மரத்துப்போகிறது, கையில் எடுக்கிற டம்ளர் தானாக நழுவுகிறது என்று கொஞ்ச நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தாள். கவனம் போதாது என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போன வாரம், அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருந்த இட்லிச் சட்டி மூடியை மிதித்துவிட்டாள். சூடே தெரியவில்லையாம். கொப்புளம் கிளம்பிய பிறகு நான்தான் பார்த்துச் சொன்னேன்.

ரத்தச் சோதனையில் பி12 என்கிற வைட்டமின் அடியோடு குறைந்திருக்கிறது. வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இது நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. "சுத்த சைவம் டாக்டர். முட்டை வாடைகூட வீட்டுக்குள்ள வராது. தினம் ஒரு கீரை. உளுந்தஞ்சோறு, பயறு, தேங்காப்பால் சொதி. காலையில கருப்பட்டிக் காப்பி. பாலு, தயிரு நிப்பாட்டி நாலு வருசம் ஆச்சு" என்றேன்.

"பாலை ஏன் நிப்பாட்டுனீங்க?"

பால்மானி வாங்கி வந்து சோதித்ததையும், பாளையங்கோட்டையில் கறந்து விற்கிற ஒரு பாலும் தேறாததையும், பாக்கெட் பாலை நான் நம்பாததையும் விளக்கினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தச் சத்து கீரையில, பருப்புல கிடையாது சார். பால், முட்டை, மீன், கறி, இதுலதான் இருக்கு. சைவம் சாப்பிடுறவங்களுக்கு இருந்த ஒரே வழி பால். அதையும் நீங்க அடைச்சுட்டீங்க."

அடைத்தது நானா? பாலில் தண்ணீர் ஊற்றினானே, அவனைக் கேட்பாரில்லை.

ஊசி எழுதினார். ஊசி வேண்டாம் என்று சொன்னேன். மாத்திரை என்றால் ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஊசி மருந்தின் குப்பியை உடைத்த மறுநிமிஷம் அது உடம்புக்குள் போய்விடுகிறது, சாம்பிள் எடுக்க வழியே இல்லை. ஸ்பின்னிங் மில்லில் ரிட்டையர் ஆகும்வரை தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு கோன் நூல் கேட்டைத் தாண்டியதில்லை. நல்ல மாத்திரையாக நானே பார்த்து வாங்கித் தருகிறேன் என்றேன்.

"எதுவா இருந்தாலும் உடனே ஆரம்பிங்க. நரம்பு விஷயம், தள்ளிப்போடக் கூடாது. அப்படியே நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்க. ஒரே அடுப்புச் சாப்பாடுதானே" என்றார் டாக்டர்.

ஒருவர் வைத்தியத்துக்குப் போனால் இருவராகப் பிடித்துப் போடுகிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் உலகு விரலை மடக்கி மடக்கி மாதத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "வடிவுக்கு ஐப்பசியில பிரசவம்" என்றாள். தெரிந்த விஷயம்தான். மகளுக்குப் புனேயில் வேலை, இந்த நிலையில் அவளால் அலைய முடியாது, நாங்கள்தான் போகிறோம் என்று முடிவாகி மாதக்கணக்கில் ஆகிறது. அதற்கென்ன என்று கேட்டேன்.

"பிள்ளையக் கையில வாங்கணும்லா அத்தான்? டம்ளர் விழுந்தா துடைச்சுக்கிடலாம்."

நாளைக்கே மாத்திரை வாங்கிவிடலாம் என்றேன்.

ஜூலை 11

முதல் லாட். தெருமுனை சாமிதாஸ் மெடிக்கலில் வாங்கியது. காலாவதித் தேதி உண்டு, உரிம எண் உண்டு, தயாரித்த ஊர் உண்டு. எல்லாம் சரியென்று நிம்மதியாக இருந்தபோதுதான் மேல்கூட்டைக் கவனித்தேன். கேப்சூல். இந்தக் கூடு எதனால் ஆனது என்று சாமிதாஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஜெலட்டின் சார், மாட்டு எலும்பு, தோலு, இதுலருந்து எடுக்கது" என்று ஏதோ கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"மருந்துதான? நான் முழுங்கிக்கிடுதேன்" என்றாள் உலகு.

நான் இருக்கும்போது அது நடக்குமா? திருப்பிக் கொடுத்தாயிற்று. பிரித்த அட்டை என்று சாமிதாஸ் முகத்தைச் சுளித்தார்.

ஜூலை 14

இரண்டாவது லாட். பச்சைப் புள்ளி இருக்கிறது. ஆனால் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரு நாளைக்குத் தேவையான அளவில் அறுபதாயிரம் சதவீதத்துக்கு மேல் ஒரே மாத்திரையில் இருக்கிறதாம்! நூறு சதவீதம் என்றால் புரிகிறது. இருநூறு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கணக்குத் தெரியாதவன் அச்சடித்த லேபிள், மருந்தை மட்டும் ஒழுங்காகவா போட்டிருப்பான்? ரிஜெக்ட்.

இவ்வளவு வேலைக்கு நடுவில் செருப்புக் கடைக்கு வேறு அலைந்தேன். போன மாதம் வாங்கிய செருப்பு. நடக்கும்போது காலிலிருந்து கழன்றுபோகிறது, கழன்றதுகூடத் தெரிவதில்லை. நேற்று பூங்கா வாசலில் இடது செருப்பை விட்டுவிட்டு பாதித் தெரு வந்துவிட்டேன். வார் தளர்ந்த சரக்கு. கடைக்காரன் வாரை இழுத்துப் பார்த்து, "நல்லா இறுக்கமாத்தான் இருக்கு பெரியவரே" என்கிறான். சண்டை போட்டு வேறு ஜோடி வாங்கி வந்தேன்.

ஜூலை 15

இந்த ஜோடியும் கழல்கிறது. ரப்பரே தரம் கெட்டுவிட்டது.

ஜூலை 19

மூன்றாவது லாட்டுக்கு முறையான சோதனை வைத்தேன். ஒரு மாத்திரை உடம்புக்குள் போய்க் கரைகிறதா, அல்லது போன வழியே முழுசாக வெளியே வந்துவிடுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வெதுவெதுப்பான வினிகரில் போட்டு அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் உடைந்து கரைய வேண்டும். அவள் எவர்சில்வர் டம்ளரில்தான் செய்தேன். வினிகர் வாடை அடுக்களையை விட்டுப் போகவில்லை என்று முணுமுணுப்பு.

அரை மணி நேரம் ஆயிற்று. மாத்திரை அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்தது. டம்ளரோடு எடுத்துக்கொண்டு போய் சாமிதாஸின் மேஜையில் வைத்தேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "சார், இது சவைச்சுச் சாப்பிடுத மாத்திரை. பல்லால கடிச்சு மெல்லணும். வினிகருக்குப் பல்லு இருக்கா?" என்றார். கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மென்று சாப்பிட வேண்டியது என்று டப்பாவில் போட்டிருக்கிறதுதான். எறும்பு படிக்கிற எழுத்தில். முன்னாலேயே சொல்லி விற்றிருக்க வேண்டும். இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரையைத் தேடினால் டப்பாவைக் காணோம். எங்கே எடுத்து வைத்தாய் என்று உலகிடம் சத்தம் போட்டேன். டப்பா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும்.

ஜூலை 23

சாயங்காலம் பெரிய சண்டை.

தேங்காய் எடுத்துக்கொண்டு வந்தவள் வாசல்படியில் நிதானம் தவறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தேங்காய் உருண்டு ஓடிவிட்டது. நான் எடுத்துக் கொடுத்து, "பாத்து நடக்கக் கூடாதா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"பாத்துத்தான் நடக்கேன். காலைப் பாத்தாத்தான் கால் இருக்கதே தெரியுது. கண்ண மூடிட்டு நின்னா விழுந்துருவேன் போல இருக்கு. ரெண்டு வாரமா மாத்திரையத் தண்ணில போடுதிய, வினிகர்ல போடுதிய, எடை போடுதிய. என் வாய்ல எப்பம் போடுவிய?"

"கண்டதை வாயில போட்டு ஈரல் கெட்டுட்டா?"

"ஈரல் கெடுத வரைக்கும் நான் நடமாடிட்டு இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோபத்தில் சொல்கிறாள். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கிவிட்டது. இந்த மாத்திரைக்காரர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. சாப்பாட்டிலேயே இதைச் சரிசெய்ய வேண்டும். பூங்காவில் எங்கள் நடைக் குழுவில் முகாம் வைத்து எல்லாருக்கும் ரத்தம் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் பதினாலு. பார்த்த பெண், "சின்னப் பையன் ரத்தம் மாதிரி இருக்கு சார்" என்றது. கீரை கொடுத்த ரத்தம்! அப்படிப்பட்ட சாப்பாட்டில் இன்னும் ஒன்றிரண்டு சாமான் சேர்த்தால் இந்த பி12 வராமலா போகும்?

ஜூலை 25

திட்டம் போட்டாயிற்று. காலையில் பழைய சோறு, ஊறவைத்த நீராகாரத்தோடு. அதில் பி12 நிறைய ஊறுகிறது என்று நடைக் குழு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. மத்தியானம் முருங்கைக்கீரையோ அகத்தியோ கட்டாயம். நாலு மணிக்கு ஸ்பைருலினா. இது கடல்பாசி மாதிரி ஒரு பச்சைப் பொடி, முழுக்க முழுக்கச் சைவம். தண்ணீரில் கலக்கிப் பார்த்தேன், ஒரு பொட்டுத் தங்காமல் கலந்தது. முதல் முறையாக ஒரு சரக்கு தேறியிருக்கிறது.

உலகு டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். "குளத்தைத் தூர்வாரின மாதிரி இருக்கு" என்றாள். கொல்லைப் பக்கம் காற்றாட நின்று குடித்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 27

உலகு பக்கத்து வீட்டு ஜெபக்கனி சிஸ்டர் வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போகிறாளாம். சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தமில்லாத மனுஷி. நம் வீட்டில் டி.வி. இல்லையா என்றால், அந்த சீரியல் நம் கேபிளில் வராதாம்.

ஜூலை 31

சீரியல் தினமும் வருகிறது. இவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போகிறாள். ஒரு நாள் கதையை விட்டால் மறுநாள் எப்படிப் புரியும் என்று கேட்டேன். "அந்தக் கதைக்கு அது போதும்" என்கிறாள். இந்தக் காலத்தில் கதைகூட அந்த லட்சணத்தில்தான் எடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6

நாக்கு எரிகிறது. ரசம் வாயில் வைக்க முடியவில்லை. மிளகு வாங்கிய கடையை மாற்ற வேண்டும். உலகு அதே ரசத்தைத்தான் ஊற்றிச் சாப்பிட்டாள், அவளுக்கு ஒன்றும் செய்யவில்லையாம். அவள் நாக்கும் மரத்துப் போயிருக்கும் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10

கையைத் தூக்க முடியவில்லை, தோள்பட்டை வலிக்கிறது என்று உலகு சாயங்காலம் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வடாம் பிழிந்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மாடியில் வடாம் ஒன்றையும் காணவில்லை. சீரியல் பார்த்துவிட்டு வரும்போது அவள் மேல் ஆஸ்பத்திரி வாடை வேறு அடிக்கிறது. நர்ஸ் வீடு, அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 15

பூங்காவில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். சட்டைப் பொத்தான் போடவே இன்று நேரமாகிவிட்டது. தையல்காரன் பொத்தான் துளையைச் சின்னதாக வைத்திருக்கிறான். கடைசியில் உலகு வந்து போட்டுவிட்டாள். ஒரே இழுப்பில் போட்டுவிட்டாள். எப்படியென்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 22

எழுதாமல் இருக்க முடியவில்லை. உலகு இரண்டு வாரமாக எதையும் கீழே போடவில்லை. இன்று கண்ணாடி டம்ளரில் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள், தளும்பாமல். அடுக்களைக்குள் போனதும் மெதுவாகப் பாடுவது கேட்டது.

ஸ்பைருலினா வேலை செய்கிறது. எனக்கு முன்பே தெரியும்.

கொல்லையில் கறிவேப்பிலைச் செடியும் தளதளவென்று நிற்கிறது. இந்த வருஷம் எல்லாமே நன்றாக வருகிறது.

செப்டம்பர் 2

ராத்திரி குளியலறையில் சுவரில் மோதிக்கொண்டேன். லைட் போடுவதற்குள் தரை சரிந்த மாதிரி இருந்தது. கொத்தனார் தரையைச் சரிவாகப் போட்டுவிட்டான் என்று உலகிடம் சொன்னேன். வீடு கட்டியதிலிருந்து அதே தரைதான் என்றாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5

ஸ்பைருலினா அவ்வளவு நல்லதென்றால் நானும் குடிக்க வேண்டியதுதானே என்கிறாள் உலகு. எனக்கெதற்கு? எனக்கு ரத்தம் பதினாலு.

அது கிடக்கட்டும், டாக்டரிடம் வாருங்கள் என்கிறாள். அவளுக்கு மறுசோதனை இருக்கிறது, அதற்குப் போகத்தான் போகிறேன்.

செப்டம்பர் 18

ரிசல்ட் வந்துவிட்டது! பி12 எங்கேயோ போய்விட்டது. நானூறைத் தாண்டி நிற்கிறது. ஜூலையில் நூறுகூட இல்லை.

பழைய சோறும் பச்சைப் பொடியும் செய்த வேலை! நடைக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை 'மாத்திரை இல்லாமல் மீண்டோம்' என்று நான் பேசுவதாக ஏற்பாடாகியிருக்கிறது. லேபிளை எப்படிப் படிப்பது, வினிகர் சோதனை, உணவுத் திட்டம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். சாமிதாஸையும் அழைத்திருக்கிறேன். வந்து கேட்கட்டும்.

உலகிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு. ஆனா டாக்டரப் பாத்துட்டு வந்து பேசுங்களேன்" என்றாள்.

செப்டம்பர் 21

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை ரத்து செய்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் நஸீமா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உலகின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கும்மா. இனிமே மாசம் ஒண்ணு போட்டாப் போதும்."

"என்ன ஊசி?" என்றேன்.

டாக்டர் உலகைப் பார்த்தார். உலகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மூணாவது மாத்திரைய வினிகர்ல போட்ட வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு அத்தான். உங்களுக்கு எதுவும் தேறாது. தேறுத வரைக்கும் எங் காலு காத்துக்கிட்டு இருக்குமா? பிள்ளைய யாரு வாங்குவா? டாக்டரு எழுதின சீட்டு எம் பையிலதான இருந்தது. ஜெபக்கனி சிஸ்டர் போட்டுவிட்டாவ."

"அப்போ சீரியல்?"

"சீரியலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நான் தந்த பொடி?"

"கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துனேன்."

எனக்கு எந்த அளவுக்குக் கோபம் வந்தது என்றால், நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கட்டின மனைவி இரண்டு மாதம் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஏமாற்றியிருக்கிறாள். அதுவும் சோதிக்காத மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு. எழுந்த வேகத்தில் தடுமாறி டாக்டரின் மேஜையைப் பிடித்தேன். மேஜை லேசாக ஆடியது. மட்டமான மேஜை என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க சார்" என்றார் டாக்டர். ஒரு பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பொறுமையாகச் சொன்னார். "லேபிள் பாத்து வாங்குறது நல்ல பழக்கம்தான். உரிமம், தேதி, அளவு எல்லாம் பாக்கணும். வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க தள்ளுனதுல ரெண்டு நல்ல மாத்திரை. அறுபதாயிரம் சதவீதம்னு சிரிச்சீங்களாமே. இந்த வயசுல குடல் அதுல ஒரு துளிதான் எடுத்துக்கும், அதுக்காகத்தான் அவ்வளவு போடுறாங்க. அந்தப் பச்சைப் பொடியில இருக்கிறது பி12 மாதிரி தெரியுமே தவிர, நம்ம உடம்புக்கு உதவாது. பழைய சோறு நல்லது, ஆனா இந்தச் சத்தை அதை நம்பி இருக்க முடியாது."

"கீரை?" என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"கீரை உங்க ரத்தத்தைக் காப்பாத்திருச்சு. அதான் ஆபத்து. ரத்தம் நல்லா இருக்குன்னு எல்லாரும் நிம்மதியா இருப்போம். உள்ள நரம்பு மெதுவா கெட்டுட்டு இருக்கும்."

பிறகு உலகைக் கட்டிலில் ஏறி உட்காரச் சொன்னார். மேஜையிலிருந்து இரண்டு பல் வைத்த, தட்டினால் அதிர்கிற ஒரு இரும்புக் கவையை எடுத்தார். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, அடிக்கட்டையை அவள் கால் பெருவிரல் எலும்பில் வைத்தார். "கண்ண மூடிக்கோங்க. அதிர்வு நின்னதும் சொல்லுங்க."

உலகு கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பம் நின்னுட்டு" என்றாள். டாக்டர் தலையாட்டினார். ஜூலையில் வைத்தபோது இது எதுவுமே அவளுக்குத் தெரியவில்லையாம். "புனேக்கு டிக்கெட் போட்டுருங்க. பிள்ளையத் தாராளமா தூக்கலாம்." உலகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாக இருந்தவன்தான் நான். அந்த நேரத்தில் என் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன், அதை மறைப்பானேன்.

"இப்ப நீங்க ஏறுங்க சார்."

"எனக்கு எதுக்கு டாக்டர்? எனக்கு ரத்தம்..."

"ஏறி உக்காருங்க அத்தான்" என்றாள் உலகு.

ஏறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு விரலில் படுவது குளிர்ச்சியாக ஏதோ தொட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அதிர்வு நின்றதும் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் வைத்த கையை எடுக்கவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

உலகின் குரல் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "எனக்கு இங்க நிக்கையிலயே அது கேக்குது அத்தான்."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் கவையை என் விரலில் அழுத்திப் பிடித்திருந்தார். அதன் பல் இரண்டும் நடுங்குவதைப் பார்க்க முடிந்தது. பார்க்கத்தான் முடிந்தது.

"இந்தக் கவை சரியில்லை போல. வேற இருக்கா?" என்று கேட்டேன்.

டாக்டர் மறுபடி தட்டி, கணுக்காலில் வைத்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தட்டி, என் முழங்கை எலும்பில் வைத்தார். ங்ங்ங் என்று தோள்பட்டை வரைக்கும் ஓடியது. கவை நன்றாகத்தான் இருந்தது.

பயமாக இருந்தது. இவ்வளவு நாள் எதற்கும் பயந்ததில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் காலே எனக்குத் தகவல் சொல்லாமல் இருந்திருக்கிறது என்றால், வேறு எதையெல்லாம் நான் சரியாகப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாளாகும். "சரியாகுமா?" என்று கேட்டேன். "நிறைய சரியாகும். கொஞ்சம் தங்கிடவும் செய்யலாம். ஜூலையிலேயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

ஆட்டோவில் ஏறும்போது உலகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடு, நான் ஏறிக்கொள்வேன் என்றேன். அவள் விடவில்லை.

செப்டம்பர் 23

என் பி12 எண்பத்தொன்பது. ஜூலையில் அவளுக்கு இருந்ததைவிடக் குறைவு.

செப்டம்பர் 24

ஜெபக்கனி சிஸ்டர் வந்து ஊசி போட்டார். எந்தக் கம்பெனி, எந்த மாதம் தயாரித்தது என்று கேட்டேன். அட்டையைக் காட்டினார். படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்கு மேல் என்ன சோதிப்பது என்று தெரியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டேன். வலித்தது.

உலகு பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்துவிட்டாள். பால்மானி எங்கே என்று தேடினேன். "அதெல்லாம் தேட வேண்டாம்" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அக்டோபர் 12

நாளை மறுநாள் ரயில். இரண்டு கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. வடிவு போனில் நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள், நாள் நெருங்கிவிட்டதாம். இன்னும் ஒன்றும் எடுத்து வைத்தபாடில்லை. உளுந்து, கருப்பட்டி, பிள்ளை மருந்துச் சாமான் எல்லாம் நடுக்கூடத்தில் பரப்பிக் கிடக்கின்றன.

ஊசி ஏழெட்டு ஆகிவிட்டது. நாக்கு எரிச்சல் போய்விட்டது. பொத்தான் பாதி நாள் நானே போட்டுக்கொள்கிறேன். கால் மட்டும் இன்னும் பேசவில்லை. டாக்டர் கேட்டால் பொறுங்கள் என்கிறார். எவ்வளவு நாள் என்றால் அதற்கு ஒரு பதில் கிடையாது. இப்படி ஒரு மருந்தா, இப்படி ஒரு வைத்தியமா என்று இருக்கிறது.

மத்தியானம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த உலகு திடீரென்று நிறுத்தினாள். சின்னத் தலையணை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"தலைக்குக் கீழ கைய வச்சுப் பிடிங்க. அப்படித்தான். இப்பம் வாசல் வரைக்கும் நடந்து காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"நடங்க அத்தான்."

நடந்தேன். கையில் ஒன்று இருந்தால் தரையைப் பார்க்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. கூடத்தைத் தாண்டும்வரை சரியாகத்தான் போனேன். வாசல்படியில் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இடித்துக்கொண்டேன். நான் சுவரில் சாய்ந்தேன். தலையணை கீழே விழவில்லை. உலகு பின்னாலேயே வந்திருக்கிறாள், பிடித்துக்கொண்டாள்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தலையணையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் என்னை நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைய நான் தூக்கிக்கிடுதேன். நீங்க உக்காந்துகிட்டு மடியில வாங்கிக்கிடுங்க" என்றாள்.

சரி என்றேன்.